அக்கினிப் பக்கம் திரும்பிய வாசல்

செக்காலை, காரைக்குடி
12.11.2024

அத்தானுக்கு,

வழக்கமாக ‘அன்புள்ள’ என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். ஆறியதும் சேர்த்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எடுத்தால்தானே பேச? எடுத்தாலும் “சாப்டியா, சரி வச்சிர்றேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். நான் ஒரு வார்த்தை கூடச் சொன்னால் கத்துகிறீர்கள், பதிலுக்கு நானும் கத்துகிறேன். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் அதற்குள் நாலு வரி கண்ணில் பட்டிருக்கும். நீங்கள் ஒசூரில் இருக்கிறீர்கள் என்பதே உங்கள் சித்தப்பா மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விலாசத்தையும் அவரிடம்தான் கெஞ்சி வாங்கினேன். கட்டின பெண்டாட்டிக்கு வந்த நிலைமையைப் பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். குன்றக்குடி ரோட்டு மனையில் நீங்கள் எழுப்பிய பேஸ்மட்டம் மழையில் நனைந்துகொண்டு அப்படியே நிற்கிறது. உள்ளே நிரப்பிய மண்ணில் தும்பை முளைத்துப் பூத்துவிட்டது. தை பிறந்ததும் ஜேசிபி வைத்து அதை இடித்துவிட்டு, வேறு மேஸ்திரியை வைத்துப் புதிதாக அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டப் போவதாக அப்பா சொல்கிறார். புதுவயலில் ஒரு ஆளிடம் பேசியும் விட்டார்.

வாஸ்து பார்க்கும் ஞானசம்பந்தம் சொன்னதிலிருந்து அப்பா அப்பாவாக இல்லை. வாசல் கிழக்கே பார்க்காமல் அக்கினிப் பக்கம், அதாவது தென்கிழக்காகத் திரும்பி நிற்கிறதாம். அப்படித் திரும்பின வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருக்க மாட்டார்களாம். அவர் சொன்ன அன்றைக்கே நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். இதைவிட அப்பாவுக்கு என்ன சாட்சி வேண்டும்? “பாத்தீகளா, குடிபோறதுக்கு முன்னாடியே பிரிச்சு விட்ருச்சு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். பூமிபூசையன்று திசை பார்த்து நீங்கள் பிடித்த நூல் சரியா, தப்பா? சரி என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். ஜேசிபி வந்தால் நான் அதன் முன்னால் போய்ப் படுத்துக்கொள்கிறேன். அப்பா என்ன, ஞானசம்பந்தம் என்ன, யாரையும் கிட்ட விட மாட்டேன்.

உங்கள் காம்பஸ் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அதைக்கூட எடுக்காமல் போனீர்கள். பூசையில் வைத்த சந்தனம் அதன் கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

உங்கள் நீலச்சட்டையின் கிழிந்த காலரைத் திருப்பித் தைத்து வைத்திருக்கிறேன். காலையில் இன்னமும் இரண்டு டம்ளருக்குத்தான் காபி போடுகிறேன். இரண்டாவதை என் தையல்கடையில் ஹெம்மிங் செய்து தரும் சோணையம்மாள் குடிக்கிறது. அதுக்குத்தான் யோகம்.

ரேணுகா


ஒசூர்
20.11.2024

ரேணுவுக்கு,

கடிதம் வந்தது. கேட்டில் இருக்கும் காவலாளி “சார், உங்களுக்கு லெட்டர்” என்று கொண்டுவந்து கொடுத்ததும், கூட வேலை பார்க்கிறவர்கள் கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் பிரித்தேன்.

எல்லாவற்றையும் எழுதிய நீ ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். ஞானசம்பந்தம் சொன்னதற்காக நான் பஸ் ஏறவில்லை. மாமா கத்தியதற்காகவும் இல்லை. அவர் என் தாய்மாமன், சின்ன வயதில் காதைத் திருகியவர், அவர் கத்தினால் எனக்கென்ன? கொத்தன், சித்தாள், கம்பி கட்டுகிறவன் என்று அத்தனை பேரும் நிற்கும்போது நீ சொன்னாயே, “ஊருக்கெல்லாம் வீடு கட்டுறீக, கிழக்கு எதுன்னு கூடவா தெரியாது?” என்று. அதற்காகத்தான் ஏறினேன். என்னிடம் கூலி வாங்குகிற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நூல் சரியா தப்பா என்று கேட்கிறாய். அன்றைக்கு முள் காட்டிய இடத்தில் நூல் பிடித்தேன். அவ்வளவுதான் சொல்வேன். ஞானசம்பந்தம் செல்போனை எங்கே வைத்துத் திசை பார்த்தார் தெரியுமா? பெல்ட் கான்கிரீட் மேல். அதற்குள் இருப்பதெல்லாம் கம்பி. இரும்பின் மேல் வைத்துத் திசை பார்க்கிறவருக்கு ஊரில் என்ன மரியாதை பார். அதற்காக, அவர் சொன்னது தப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை.

மாமா இடிக்கட்டும். அவர் வாங்கிக் கொடுத்த இடம். ஆனால் இதையும் அவரிடம் சொல்லிவிடு. வேறொருவன் நூல் பிடித்துக் கட்டுகிற வீட்டுக்குள் நான் கால் வைக்க மாட்டேன். இங்கே கம்பெனி ஷெட் வேலை இன்னும் இரண்டு வருஷம் ஓடும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

குளிர் பல்லைக் கிட்டிக்கொள்ள வைக்கிறது. குழம்பில் வெல்லம் போடுகிறார்கள். அந்த நீலச்சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதே.

ஆசைத்தம்பி


செக்காலை
29.11.2024

அத்தானுக்கு,

நான் சொன்னது தப்புதான். அன்றைக்கு என்னமோ வாய் முந்திக்கொண்டது. அப்பா ஒரு பக்கம், ஞானசம்பந்தம் ஒரு பக்கம், நீங்கள் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றீர்கள். ‘அப்படியில்லை மாமா’ என்று நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டீர்களா என்று தவித்துத்தான் அப்படிக் கேட்டேன். உங்களைக் கிளப்பிவிடப் பார்த்தேன். நீங்கள் காரைக்குடியை விட்டே கிளம்பிவிட்டீர்கள்.

சரி, இப்போது நடந்ததைக் கேளுங்கள். உங்கள் பதில் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நானே காம்பஸை மட்டும் ஒரு மஞ்சள்பையில் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மனைக்குப் போனேன். கம்பி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதனால் பேஸ்மட்டத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. தள்ளிப் போய் வெறும் தரையில் வைத்துப் பார்த்தேன். அத்தான், வீடு கோணலாகத்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும். நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன், சுற்றி வந்து பார்த்தேன், இடத்தை மாற்றி வைத்தும் பார்த்தேன். அப்படியேதான் காட்டுகிறது.

 பூசையன்று இருந்ததும் இதே காம்பஸ்தானே? அன்றைக்கு ஒரு கிழக்கும் இன்றைக்கு ஒரு கிழக்குமா காட்டும்?

அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வானம் மூடியிருந்தது, சூரியன் வெளியே வரவேயில்லை. நம் இடத்து வரப்பு கோணல் என்பதால் அதைப் பார்த்து நூல் பிடிக்க முடியாது, எல்லாம் காம்பஸை நம்பித்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். கொத்துக்கரணை, தூக்குக்குண்டு, காம்பஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வாழையிலையில் பரப்பியிருந்தது. நாம் இரண்டு பேரும் மணையில் உட்கார்ந்திருந்தோம். என்னை உட்கார வைக்க வேண்டாம் என்றார் பெரியம்மா. வயிற்றில் இருந்தது தங்காமல் போய் அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை, இவள் கை பட்டால் நல்லதில்லை என்று என் காதில் விழும்படியே சொன்னார். “அவ உக்காரலேன்னா பூசையே வேணாம்” என்று நீங்கள் எழுந்துவிட்டீர்கள். அதற்குள் ராகுகாலம் நெருங்கிவிட்டது. ஐயர் அவசரப்படுத்தினார். நீங்கள் இலையில் இருந்த காம்பஸைப் பார்த்து, இருந்த இடத்திலிருந்தே கோடு போட்டீர்கள். இதில் எங்கே தப்பு நடந்தது?

இன்னொரு வேடிக்கை. கடையில் துணி வெட்டுகிற மேஜை மேல் காம்பஸை வைத்தேன். குண்டூசி பொறுக்குவதற்கு ஒரு காந்தக்கட்டி வைத்திருப்பேனே, அதைத் தற்செயலாகக் கிட்டே கொண்டுபோனதும் முள் திடுக்கென்று திரும்பியது. சோணையம்மாள், “ஏத்தா, இதுக்குப் பேய் புடிச்சிருக்கு, தூக்கி அங்குட்டு வையி” என்று எழுந்தே போய்விட்டது. அன்றைக்கு வந்த பிளவுஸை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தம் தூரத்தில் இருந்தால் முள் கண்டுகொள்வதில்லை. முழங்கை தூரத்துக்கு வந்ததும் லேசாக நடுங்குகிறது. இன்னும் கிட்டே போனால் அந்தப் பக்கமே திரும்பிவிடுகிறது. காந்தத்தைத் திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. எடுத்துவிட்டால் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொள்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

வெட்டவெளிக் காட்டில் காந்தத்துக்கு எங்கே போக? அதுதான் புரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ரேணுகா


ஒசூர்
6.12.2024

ரேணு,

கோபம் ஆறியதா என்று நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பாதி ஆறிவிட்டது. ‘கிளப்பிவிடப் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தும் விட்டேன்.

காம்பஸ் முள்ளும் ஒரு சின்னக் காந்தம்தான். பூமி அதைப் பிடித்து வடக்கே நிறுத்துகிறது. பூமி எவ்வளவு பெரிசு, ஆனால் பிடி ரொம்ப லேசு. கூட்டத்தில் பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. பக்கத்தில் வேறொருவர் வந்து கையைப் பிடித்து இழுத்தால் பிள்ளை அவரோடுதான் போகும். அதனால் பக்கத்தில் ஒரு துண்டுக் காந்தம் வந்துவிட்டால் முள் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும். அது பொய் சொல்லவில்லை. பூமி எவ்வளவு இழுக்கிறது, காந்தம் எவ்வளவு இழுக்கிறது, இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. நமக்குத்தான் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. மரம், துணி, பித்தளை எதுவும் அதை ஒன்றும் செய்யாது. இரும்பு செய்யும், காந்தம் அதைவிட அதிகம் செய்யும். காம்பஸை இனிமேல் வெட்டுமேஜையில் வைக்காதே. தையல் மெஷின், கத்தரிக்கோல், உன் கைப்பை, எதன் பக்கத்திலும் வைக்காதே. மர பீரோவில் தனியாக வை.

மற்றபடி இதைத் தோண்டாதே ரேணு. எங்கே தப்பு நடந்தது என்று தேடி என்ன ஆகப் போகிறது? நூல் பிடித்தவன் நான், தப்பும் என்னுடையதாகவே இருக்கட்டும். கட்டடம் கட்டுகிறவனை நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். எனக்குப் பழக்கம்தான்.

காம்பஸையே நம்ப முடியாது என்று உனக்குச் சந்தேகம் இருந்தால் இப்படிச் செய். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, சமமான தரையில் நேரான குச்சி ஒன்றை நட்டு, அதில் கயிறு கட்டிச் சுற்றிலும் ஒரு வட்டம் போடு. காலையில் குச்சியின் நிழல் நீளமாக வட்டத்துக்கு வெளியே கிடக்கும். நேரம் ஆக ஆகக் குறுகும். நிழலின் நுனி வட்டத்தைத் தொடும்போது ஒரு புள்ளி வை. மத்தியானத்துக்கு மேல் நிழல் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும்போது இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அது கிழமேல், சரியான கிழக்கு மேற்கு. எந்தக் காந்தமும் அதைத் திருப்ப முடியாது.

இங்கே சாயங்காலம் மலையில் இருந்து பனி இறங்கி வருகிறது. மெஸ்ஸில் ஒரு ஆள் டேபிளைத் துடைத்துக்கொண்டே விசிலடிக்கிறான். நீ மெஷின் மிதிக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாயே, என்ன பாட்டு என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. இப்போது அது என்ன பாட்டு என்று தெரியாமல் பைத்தியம் பிடிக்கிறது. அதை மட்டும் எழுது.

ஆசைத்தம்பி


செக்காலை
16.12.2024

அத்தான்,

என் கைப்பை காம்பஸை என்ன செய்யும்?

தையல் மெஷின் இரும்பு, சரி. கத்தரிக்கோலும் இரும்பு, சரி. என் கைப்பை ரெக்சின் துணிதானே? அது ஏன் அந்த வரிசையில் வந்து உட்கார்ந்தது? உங்கள் கடிதத்தை மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே பையை எடுத்துக் குண்டூசிப் பெட்டிக்கு மேல் பிடித்தேன். ஊசியெல்லாம் எழுந்து வந்து பையின் வாயில் ஒட்டிக்கொண்டன. மூடும்போது ‘டக்’ என்று தானாகப் பிடித்துக்கொள்ளும் பொத்தான். அதற்குள் காந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கல்யாண நாளுக்கு மதுரையில் நீங்கள் வாங்கிக் கொடுத்தபோது, “தானாவே மூடிக்குது பாரு” என்று திறந்து திறந்து காட்டியது நீங்கள்தானே!

அன்றைக்கு மஞ்சள், நவதானியம், காசு, எல்லாம் அந்தப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க வசதியாக இலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

நேற்று மனைக்குப் போனேன். பேஸ்மட்டத்தை விட்டுத் தள்ளிப் போய், அதே மாதிரி வாழையிலை போட்டு, காம்பஸை வைத்தேன். முள் வடக்கே நின்றது. அப்புறம் பையை அன்றைக்கு வைத்த மாதிரியே வைத்தேன். முள் மெதுவாகத் திரும்பிப் பேஸ்மட்டத்தின் முன்சுவருக்கு இணையாக வந்து நின்றது. கோணல் வீட்டுக்குச் சரியான கோணல் வடக்கு.  தும்பைச் செடிக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். “எந்திரித்தா, ஈரத்துல உக்காராத” என்று சோணையம்மாள்தான் தூக்கிவிட்டது.

மனையில் குச்சியும் நட்டேன். நாலு நாள் மழை விடவில்லை, ஐந்தாம் நாள் வெயில் வந்தது, நாள் முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டு நிழலுக்குக் காவல் இருந்தேன். வீடு கோணல் என்றுதான் அதுவும் சொல்கிறது.

இப்போது சொல்லுங்கள். உங்களுக்கு எப்போது தெரியும்? தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள்? ஊர் முழுக்க உங்களைக் கிழக்குத் தெரியாதவர் என்கிறது. எடுத்திருந்த இரண்டு வீட்டு வேலையும் கைவிட்டுப் போய்விட்டது. நானும் என் பங்குக்குக் கேட்டேன். ஒரு வார்த்தை, ‘உன் பையை எடு’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் இங்கே இருந்திருப்பீர்கள். இரண்டாவது டம்ளர் காபியை நீங்களே குடித்திருப்பீர்கள். என்னை இப்படித் தனியாகத் தவிக்கவிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அப்பாவிடம் சொல்லப் போகிறேன்.

பாட்டு என்ன என்று எழுத மாட்டேன். வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேணுகா


ஒசூர்
23.12.2024

ரேணு,

மாமாவிடம் சொல்லாதே. இந்தக் கடிதம் போய்ச் சேரும் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது என்று குன்றக்குடி முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குப் பூசையன்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஞானசம்பந்தம் வந்த அன்றைக்குத்தான் தெரியும். அவர் கோணல் என்றதும் நான் நம்பவில்லை. எங்கே தப்பியிருக்கும் என்று மனசுக்குள் தேடிக்கொண்டு நிற்கிறேன். மாமா கத்துகிறார். நீ கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்தாய். பையை மூடினாய். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அந்த ஒரு சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். உன் பெரியம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “நான் அன்னைக்கே சொன்னேன்ல, அவ கை படக் கூடாதுன்னு” என்று அந்தம்மா ஆரம்பித்திருக்கும். காந்தம் என்று நான் எவ்வளவு விளக்கினாலும் அவர்கள் காதில் விழுவது உன் பை என்பது மட்டும்தான். குழந்தை போனதற்கும் நீதான் காரணம், வீட்டுக்கும் நீதான் காரணம் என்று ஆகியிருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு நீ எத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய் என்று எனக்குத்தான் தெரியும். திரும்பவும் உன்னை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்ட அந்த நேரம் பார்த்து நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

எல்லாவற்றையும் உனக்காகவே தாங்கிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். முழு உண்மை அது இல்லை. பஸ் ஏறியது கோபத்தில்தான். இவளுக்காக நிற்கிறேன், இவளே இப்படிக் கேட்கிறாளே என்கிற ஆத்திரம். சேலம் தாண்டும்போது ஆத்திரம் வடிந்துவிட்டது. இறங்கித் திரும்பி வர ரோஷம் விடவில்லை. அதற்கப்புறம் உன் குரலைக் கேட்டால் உளறிவிடுவேன் என்றுதான் போனை எடுக்கப் பயந்தேன்.

வீட்டை இடித்துக்கொள்ளட்டும். எவன் வேண்டுமானாலும் நூல் பிடிக்கட்டும், நான் போட்ட நிபந்தனையை நானே எடுத்துவிடுகிறேன். நீ மட்டும் பேச்சு வாங்காதே. அந்தப் பையைத் தூக்கியும் போட்டுவிடாதே. அதை வாங்கிய அன்றைக்கு நீ சிரித்த மாதிரி அதற்கப்புறம் சிரித்ததில்லை.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறது ரேணு. கொத்தன்கள் முன்னால், மாமா முன்னால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு வர? அதுதான் தெரியவில்லை.

ஆசைத்தம்பி


செக்காலை
2.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சேர்த்துவிட்டேன், பார்த்தீர்களா?

முருகனைப் பிந்தி வேண்டியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே வலையபட்டியில் அப்பா வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். பெரியம்மா அங்கே இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். எனக்குப் பின்னால் பேசுவதை முன்னாலேயே பேசட்டும் என்று ஒரு வீம்பு. காம்பஸைத் தரையில் வைத்தேன், பையைக் கிட்டே வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். முள் போவதையும் வருவதையும் அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் எதிர்பார்த்த மாதிரியே பெரியம்மா ஆரம்பித்தது. “நான் அன்னைக்கே சொன்னேன்ல...” அவ்வளவுதான். எங்கள் அம்மா, எப்போதும் வாயே திறக்காத அழகம்மாள், கையில் இருந்த வாழையிலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, “மதினி, பையில காந்தம் வச்சுத் தச்சது கம்பெனிக்காரன். எம்மக கையில ஒண்ணும் இல்ல. இன்னொரு வாட்டி அவ கையப் பத்திப் பேசுனீகன்னா நல்லா இருக்காது” என்றது. பெரியம்மா காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்பா நிமிர்ந்து கேட்டார். “அவனுக்குத் தெரியுமா இது?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?”

“தொறந்தா நீங்க எல்லாரும் யாரச் சொல்லியிருப்பீக?” என்று கேட்டேன். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஆட்டோவைக் கூப்பிட்டு, என்னையும் ஏறச் சொன்னார். நேரே மனைக்குத்தான் போனோம்.

பேஸ்மட்டத்தின் மேல் ஏறி இரண்டு சுற்று நடந்தார். முன்வாசல் நிலை வருகிற இடத்தில், துண்டை விரித்து உட்கார்ந்தார். “எங்க அக்கா மகன் அழுத்தக்காரன்” என்றார். அப்புறம் எதிரே பார்த்து, “ஏத்தா, இங்குட்டு உக்காந்தா பஸ் ஸ்டாப்பு நேராத் தெரியுதே” என்றார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம் அத்தான். வரப்புக்கு அங்கிட்டு, புளியமரத்துக்குக் கீழே அந்த ஸ்டாப் நிழற்குடை நேர் எதிரே தெரிகிறது. சரியான கிழக்கே கட்டியிருந்தால் நமக்குத் தெரிவது ரைஸ்மில்லின் பின்பக்கச் சுவர்தான். கழுத்தைத் திருப்பினால் ஒழிய ரோடே கண்ணில் படாது. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே குன்றக்குடிப் பஸ் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவ்வளவு தூரத்திலும் இறங்கியவர் நீங்கள் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது.

அப்பாவும் அந்தப் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஞானசம்பந்தத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். புதுவயல் மேஸ்திரியையும் வர வேணாம்னுர்றேன். நூல் புடிச்சவன் வரட்டும். அவன் இடிக்கச் சொன்னா இடிப்போம், இல்லைன்னா அவனே வந்து நிலை வைக்கட்டும்” என்றார். எழுந்து வரும்போது, “அவனுக்கு எழுது. நான் கூப்புட்டேன்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

எந்த முகத்தோடு வர என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிற முகத்தோடு வாருங்கள். அதைப் பார்த்துத்தான் எத்தனையோ நாள் ஆகிவிட்டதே. நம் வீடு கோணல்தான், குச்சி நிழலும் சொல்லிவிட்டது, நான் மறுக்கவில்லை. இடிப்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விட மாட்டேன்.

பையைத் தூக்கிப் போடவில்லை. பொத்தானை மட்டும் பிரித்தெடுத்துவிட்டுக் கொக்கி வைத்துத் தைத்துவிட்டேன். அந்தக் காந்தத்தை இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீலச்சட்டை இங்கே இருக்கிறது, வேறு எதையாவது போட்டுக்கொண்டு வாருங்கள்.

எந்தப் பஸ் என்று எழுதவேண்டாம். எழுதினால் கடிதம் முந்துமா நீங்கள் முந்துவீர்களா என்று வேறு எனக்குக் கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. காலையிலேயே பிளாஸ்க்கில் காபியும் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு போய் அந்த வாசலில் உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள்
ரேணு